கன்சீலர்: கல்யாண வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண மேக்கப் செய்வது என் தொழில். மணப்பெண்ணின் முகத்தில் நான் வேலை செய்துகொண்டிருக்கும்போது அக்கா, சித்தி, அத்தை பெண் என்று நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். கேள்விகள் வரும். அதில் பாதி, கருவளையம், பரு, தழும்பு போன்றவற்றை மறைக்கப் போடும் கன்சீலரைப் பற்றித்தான். லிப்ஸ்டிக் பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு வேறு போடலாம். கன்சீலர் தப்பிப்போனால் அது ஆல்பத்தில் ஏறிவிடும். அதனால் அந்தக் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபவுண்டேஷன் இருக்கும்போது கன்சீலர் எதற்கு?

ஃபவுண்டேஷன் முகம் முழுவதற்கும் போடும் அடிப்பூச்சு. கன்சீலர் முகத்தில் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும். உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு இரும்பு ஆக்சைடுகள், இவற்றைக் கலந்து பிடித்துக்கொள்ள எண்ணெய், மெழுகு அல்லது சிலிக்கோன். கன்சீலரில் நிறமி அதிகம், அவ்வளவே வித்தியாசம். நிறமி அதிகம் என்பதால் கொஞ்சம் போதும். இதை மறந்து ஃபவுண்டேஷன் போல அள்ளிப் பூசுவதால்தான் முகம் சுவர் போல ஆகிவிடுகிறது.

மறைப்பதற்கென்றே பூச்சு செய்வது பழைய யோசனை. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் லிடியா ஓ'லியரி என்ற பெண், தன் முகத்தில் பிறவியிலேயே இருந்த பெரிய சிவந்த திட்டை மறைக்கத் தானே ஒரு பூச்சைத் தயாரித்தார். அதுதான் பிறகு 'கவர்மார்க்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1954-ல் மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் 'இரேஸ்' என்ற பெயரில் குச்சி வடிவத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது. கைப்பையில் போட்டுக்கொண்டு போகிற கன்சீலர் அங்கிருந்துதான் பரவியது.

கடையில் ஷேடு எப்படிப் பார்ப்பது?

புறங்கையில் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கழுத்து இன்னொரு நிறம். வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். தாடை எலும்பு ஓரத்தில், கழுத்துக்கு இறங்கும் இடத்தில், மூன்று ஷேடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் கோடு கோடாகப் போடுங்கள். பிறகு கடையை விட்டு வெளியே வந்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது.

உடனே பில் போட்டுவிடாதீர்கள். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். தோலில் சுரக்கும் எண்ணெயோடு கலந்து, ஈரம் காய்ந்த பிறகு பல கன்சீலர்கள் கொஞ்சம் கறுத்துப்போகும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு தெரியும் நிறம்தான் நிஜமான நிறம்.

மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் முறையைப் பல வீடியோக்களில் சொல்கிறார்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது பெரிதாக உதவாது; நரம்பே சரியாகத் தெரியாதபோது அதன் நிறத்தை எங்கே பார்ப்பது? உங்கள் தோலின் அடிநிறம் மஞ்சளா, செம்மண் சாயலா, ஆலிவ் போல லேசான பச்சை கலந்ததா என்பதை அந்த மூன்று கோடுகளே காட்டிக்கொடுக்கும். ரோஸ் கலந்த ஷேடு பெரும்பாலும் நம் முகத்தில் ஒட்டாமல் தனியாக நிற்கும்.

ஒரு விஷயத்தை எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள். மஞ்சள் தேய்த்துக் குளித்த அன்று ஷேடு பார்க்கப் போகாதீர்கள். மணப்பெண்களுக்கு நான் இதை அழுத்திச் சொல்வேன். நலங்குக்கு முன்னால் ட்ரையல் பார்த்துவிட்டு, நலங்கு முடிந்து முகூர்த்தத்தன்று உட்கார்ந்தால் முகம் ஒரு சுற்று மஞ்சளாகியிருக்கும். கையில் பக்கத்து ஷேடு ஒன்றும் இருந்தால் கலந்து சமாளிக்கலாம்.

நம் நிறத்துக்கு ஷேடே கிடைப்பதில்லையே?

முன்பு உண்மை. இரண்டு பீஜ், ஒரு ரோஸ், அதோடு கடையை மூடிவிடுவார்கள். 2017-ல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 ஃபவுண்டேஷன் ஷேடுகளோடு வந்த பிறகு மற்ற நிறுவனங்களும் கறுப்புப் பக்கம் ஷேடுகளைக் கூட்ட ஆரம்பித்தன. ஆனால் ஆன்லைனில் இருக்கும் ஷேடெல்லாம் நம் ஊர்க் கடைக்கு வருவதில்லை. சரியான ஷேடு கிடைக்காவிட்டால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சிறியவை வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். கோடையில் கறுப்பதற்கும் மார்கழியில் தெளிவதற்கும் அதே இரண்டும் உதவும்.

'ஹனி', 'சாண்ட்' என்ற பெயர்களை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் ஹனி இன்னொரு நிறுவனத்தில் வேறு நிறமாக இருக்கும்.

முகத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பாக வாங்கணும் என்கிறார்களே?

இந்த ஒரு அறிவுரையால் பாழான முகங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மறைக்க வேண்டிய இடத்தில், பக்கத்துத் தோலின் நிறம் இருந்தால்தான் அது மறையும். பருவின் மேல் வெளுப்பான கன்சீலரை வைத்தால், 'இங்கே பரு இருக்கிறது' என்று வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி. பரு, தழும்பு, மூக்கோரச் சிவப்பு எல்லாவற்றுக்கும் தோலின் அதே ஷேடுதான். கண்ணுக்குக் கீழே மட்டும் அரை ஷேடு, மிஞ்சினால் ஒரு ஷேடு தெளிவாக இருக்கலாம். அதுவும் கருமையை வேறு நிறத்தால் சரிசெய்த பிறகு.

வெளுத்த கன்சீலரை நேராகக் கருமையின் மேல் போட்டால் வெள்ளை ஆகாது, சாம்பல்தான் ஆகும். கறுப்புச் சுவரில் ஒரு கோட்டு சுண்ணாம்பு அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. அந்தச் சாம்பலை மறைக்க இன்னொரு அடுக்கு, அதற்கு மேல் பவுடர். மதியம் ஆவதற்குள் கண்ணுக்குக் கீழே திருநீறு கொட்டினது போல ஆகிவிடும்.

அப்படியானால் கருவளையத்துக்கு என்னதான் போடுவது?

ஆரஞ்சு. சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள்.

வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் எதற்குப் போடுகிறோம்? துணியில் ஏறிய மஞ்சளை நீலம் அடித்துவிடுகிறது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நம் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையில் நீலமும் சாம்பலும் கலந்திருக்கும். அதை அடிக்க ஆரஞ்சு வேண்டும். வெளுத்த தோலுக்கு பீச் போதும். மாநிறத்துக்குச் சற்று அழுத்தமான பீச் அல்லது ஆரஞ்சு. நல்ல கறுப்புக்கு ஆரஞ்சுச் சிவப்பு. இதைத்தான் கடையில் 'கலர் கரெக்டர்' என்று விற்கிறார்கள்.

கடுகு அளவு எடுத்து, கருமை அதிகமாக இருக்கும் இடத்தில் மட்டும் ஒற்றுங்கள். பெரும்பாலும் அது மூக்கை ஒட்டிய கண் மூலையும் அதிலிருந்து இறங்கும் பள்ளமும்தான். ஆரஞ்சு போட்ட உடனே கருமை பாதி தணிந்து, அந்த இடம் தோல் மாதிரியே தெரிய ஆரம்பிக்கும். அங்கேயே நிறுத்திவிட்டாலும் தப்பில்லை. நான் வெளியே போகும்போது பல நாள் கரெக்டர் மட்டும்தான் போட்டுக்கொள்வேன்.

கரெக்டர் வாங்கக் காசு வீண் என்று நினைத்தால் ஆரஞ்சுச் சாயலுள்ள ஒரு கன்சீலரை வாங்குங்கள். ஆரஞ்சு லிப்ஸ்டிக்கைக் கண்ணுக்குக் கீழே பூசும் வித்தையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது உதட்டுக்கான சரக்கு. கண் பக்கத்தில் சிலருக்கு எரியும், சில சாயங்கள் தோலில் தங்கியும்விடும்.

பச்சை, ஊதா நிறத்திலும் கரெக்டர் இருக்கிறதே?

பச்சை சிவப்பை அடிக்கும்: புதிய பரு, மூக்கோரச் சிவப்பு. ஊதா மஞ்சளை அடிக்கும். நம் நிறத்தில் பச்சைக்கு வேலை குறைவு, ஊதாவுக்கு அதைவிடக் குறைவு. ஆறு நிறம் அடங்கிய பேலட் வாங்கினால் ஆரஞ்சு தீர்ந்து மற்ற ஐந்தும் அப்படியே காய்ந்துபோகும்.

எவ்வளவு போட்டாலும் என் கருவளையம் மறையவில்லை. ஏன்?

கண்ணாடி முன் நின்று கண்ணுக்குக் கீழே இருக்கும் தோலை விரலால் மெல்லப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். கருமை அப்படியே தோலோடு நகர்ந்தால் அது தோலில் உள்ள நிறமி. பரம்பரையாக வருவது, நம் ஊரில் இது அதிகம். கண்ணைக் கசக்கும் பழக்கமும் ஒவ்வாமையும் இதைக் கூட்டும். இழுக்கும்போது நீலம் கூடுதலாகத் தெரிந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் தெரிகின்றன என்று அர்த்தம். கண்ணைச் சுற்றிய தோல்தான் உடம்பிலேயே மெல்லியது. இந்த இரண்டுக்கும் கரெக்டரும் கன்சீலரும் கைகொடுக்கும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. முகத்தை வெளிச்சம் பார்த்து நிமிர்த்தினால் கருமை காணாமல் போனால் அது நிறமே அல்ல, நிழல். கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கும், அல்லது பை போல உப்பியிருக்கும். நிழலைப் பூச்சால் அழிக்க முடியாது. உப்பின இடத்தில் வெளுப்பான கன்சீலர் போட்டால் அது இன்னும் முன்னால் தள்ளித் தெரியும். உப்பலை விட்டுவிட்டு, அதற்குக் கீழே கோடாக விழும் நிழலில் மட்டும் மெல்லிய தூரிகையால் ஒரு கோடு இழுத்து ஒற்றிவிடுங்கள். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம், பாதிப் பேருக்கு அது கருவளையமே இல்லை, நேற்றைய கண் மை. தினமும் மை வைக்கிறவர்கள் பஞ்சில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு இமையோரத்தைத் துடைத்துப் பாருங்கள்.

சரி, கண்ணுக்குக் கீழே பூசும் முறை என்ன?

முதலில் முகம் கழுவி மாய்ச்சரைசர். பகலென்றால் சன்ஸ்கிரீன். அது தோலில் இறங்க ஐந்து நிமிடமாவது விடுங்கள். அவசரப்பட்டால் பூச்சு அழுக்குத் திரள்வது போல உருண்டு உருண்டு வரும். அடுத்து கரெக்டர். ஃபவுண்டேஷன் போடுகிறவர்கள் அதை இப்போது போட்டுவிடுங்கள். ஃபவுண்டேஷனே பாதியை மறைத்துவிடும். பிறகு மிச்சத்துக்கு மட்டும் கன்சீலர் போதும். முதலில் கன்சீலர் போட்டு, அதன் மேல் ஃபவுண்டேஷனைத் தேய்த்தால் போட்டதெல்லாம் கலைந்துவிடும்.

ஒரு கண்ணுக்கு ஒரு அரிசி அளவு. அதை இரண்டாகப் பிரித்து, பாதியை மூக்கை ஒட்டிய உள்மூலையில் வையுங்கள், மீதியை வெளிமூலையில் சற்று மேல்நோக்கி. நடுவில் வைக்க வேண்டாம், ஒற்றும்போது தானாக வந்து சேரும். கன்னம் வரை தலைகீழ் முக்கோணம் வரையச் சொல்வது ஸ்டூடியோ விளக்குக்காக வந்த பழக்கம். பஸ்ஸில் ஆபீஸ் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

மோதிர விரலால் ஒற்றுங்கள். அதில் அழுத்தம் குறைவாகவே வரும், விரல் சூட்டில் பூச்சும் இளகும். ஸ்பாஞ்ச் என்றால் நனைத்து நன்றாகப் பிழிந்த பிறகு. தேய்க்கவே கூடாது. தேய்த்தால் பூச்சு மறைக்க வேண்டிய இடத்தை விட்டு ஓரத்துக்குப் போய்விடும்.

ஒரு மணி நேரத்தில் கோடு கோடாக வெடிக்கிறதே?

மூன்று காரணங்கள்: பூச்சு அதிகம், தோல் வறண்டிருக்கிறது, அல்லது பவுடர் போடத் தாமதமாகிவிட்டது. கண்ணைச் சிமிட்டும்போதும் சிரிக்கும்போதும் தோல் மடியும். ஈரமான பூச்சு மடிப்புக்குள் போய் உட்காரும். அதனால் ஒற்றி முடித்த உடனே மேலே பார்த்துக்கொண்டு, மடிப்பில் ஏற்கெனவே சேர்ந்ததைச் சுத்தமான விரலால் ஒரு முறை ஒற்றி எடுத்துவிட்டு, மெல்லிய தூரிகையால் கொஞ்சம் லூஸ் பவுடர் போடுங்கள். கொட்டி வைத்துப் பத்து நிமிடம் 'பேக்' செய்வதெல்லாம் மேடை வெளிச்சத்துக்கு. நாற்பது தாண்டியவர்களுக்கு அது பத்து வயதைக் கூட்டிக் காட்டும்.

பருவையும் தழும்பையும் மறைக்க அதே கன்சீலர் போதுமா?

நிறம் சரியாக இருந்தால் போதும். ஆனால் கண்ணுக்குக் கீழே நீர்ப்பதமாக இருப்பது நல்லது. பருவுக்குக் கெட்டியாக, காய்ந்ததும் பிடித்துக்கொள்வதாக இருப்பது நல்லது. கூர்மையான சின்னத் தூரிகையால் பருவின் மேல் மட்டும் ஒரு புள்ளி வைத்து அரை நிமிடம் விடுங்கள். பிறகு புள்ளியைத் தொடாமல் அதன் ஓரத்தை மட்டும் ஒற்றிக் கலையுங்கள். மேலே பவுடரை அழுத்துங்கள். நிறம் மறையும், மேடு மறையாது. பள்ளத் தழும்பும் அப்படித்தான். கிள்ளி உடைத்த பருவின் மேல் எதையும் பூச வேண்டாம். ஈரம் காய்ந்து தோல் மூடட்டும்.

மே மாதத்தில், ஏ.சி. இல்லாத மண்டபத்தில், ஹோமப் புகையில் நிற்குமா?

நிற்கும், மெல்லிசாகப் போட்டால். கனமான பூச்சுதான் வேர்வையில் முதலில் வழியும். வேர்த்தால் துடைக்காதீர்கள், டிஷ்யூவை மடித்து அந்த இடத்தில் வைத்து எடுங்கள். முந்தானையால் முகத்தைத் துடைக்கும் பழக்கத்தை அன்று ஒருநாள் மறந்துவிட வேண்டும். வேர்வை ஒற்றாமல் மேலே மேலே பவுடர் போட்டால் மாவு பிசைந்த மாதிரி ஆகும். தாலி கட்டும் நேரத்தில் கண்ணீர் வரும் என்று தெரிந்த பெண்களுக்கு உள்மூலையில் கன்சீலரைக் குறைத்தே போடுவேன். அம்மாவைப் பார்த்தால் அழாத பெண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை.

நேரில் நன்றாக இருந்தது, ஃபோட்டோவில் கண்ணுக்குக் கீழே வெள்ளையாக வந்ததே?

ஃப்ளாஷின் வேலை. சிலிக்கா அதிகமுள்ள, பார்வைக்கு நிறமே இல்லாத லூஸ் பவுடர்கள் ஃப்ளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும். டைட்டானியம், ஜிங்க் ஆக்சைடு அதிகமுள்ள சன்ஸ்கிரீனும் இதைச் செய்யும். மண்டபத்துக்குக் கிளம்பும் முன் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். சாயம் கலந்த பவுடர் என்றால் இந்தத் தொல்லை குறைவு.

டியூப், குச்சி, டப்பா: எதை வாங்குவது?

ஒன்றே ஒன்று என்றால் டியூபில் வரும் நீர்ப்பதக் கன்சீலர். கண்ணுக்கும் சுலபம், பருவுக்கும் இரண்டு முறை வைத்து ஒப்பேற்றலாம். டப்பாவில் வருவது கெட்டி. தழும்புக்கு நல்லது, கண்ணுக்குக் கீழே வெடிக்கும். குச்சி இரண்டுக்கும் நடுவில். கல்யாண மேக்கப்பில் பலர் வைத்திருக்கும் கிரையோலான் டிவி ஸ்டிக் உண்மையில் நடிகர்களுக்கான பூச்சு. பெர்லினில் 1945-ல் தொடங்கிய நாடக ஒப்பனை நிறுவனத்தின் சரக்கு. கைப்பழக்கம் இருந்தால் அருமையாக வரும். இல்லாவிட்டால் நாடக வேஷம்தான்.

மங்கு, வெண்புள்ளி இருப்பவர்கள் போடலாமா?

போடலாம். மங்குக்கு ஒரு கூடுதல் லாபமும் உண்டு: கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும், இரும்பு ஆக்சைடு கலந்த சாயப் பூச்சு அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் தடுக்கும். அதற்காகச் சன்ஸ்கிரீனை விட்டுவிடக் கூடாது.

வெண்புள்ளிக்கு நீர் பட்டாலும் போகாத 'கேமோஃபிளாஜ்' வகைப் பூச்சுகள் தனியாக இருக்கின்றன. அது தொற்றாது, தொழுநோயும் அல்ல. மறைப்பதும் மறைக்காமல் நடமாடுவதும் அவரவர் விருப்பம். 'கல்யாணத்தன்று மட்டும் மறைத்துவிடுங்கள், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது' என்று கேட்டு வருபவர்களிடம் நான் முடியாது என்று சொல்லிவிடுவேன்.

கழுத்தைச் சுற்றித் தடித்து, வெல்வெட் போலக் கறுத்திருந்தால் கன்சீலருக்கு முன்னால் சர்க்கரை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது வரும் கருமையாக அது இருக்கலாம். மருத்துவர் சொல்லாமல் வெளுப்பாக்கும் கிரீம் பூசி, முகம் சிவந்து எரிச்சலோடு வருபவர்களையும் பார்க்கிறேன். அதில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அந்தத் தோலுக்கு முதலில் தேவை தோல் மருத்துவர்.

மாப்பிள்ளைக்கும் போடலாமா?

கூச்சப்படாமல் போடலாம். கண் கீழே கரெக்டர் மட்டும், ஷேவிங் வெட்டு இருந்தால் ஒரு புள்ளி. தாடிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலிவாக ஆன்லைனில் கிடைப்பது அசல்தானா?

விலையை விட்டுவிட்டு அட்டையைப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் அழகுப் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 2020-ன் அழகுப் பொருள் விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இவை எதுவுமில்லாமல் பெரிய பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ராத்திரி எப்படி எடுப்பது?

சோப்பு மட்டும் போதாது. எண்ணெய்ப் பூச்சை எண்ணெயோ, மேக்கப் எடுப்பதற்கென்றே செய்த சரக்கோதான் எடுக்கும். க்ளென்சிங் பாம், மைசெல்லார் வாட்டர் எதுவாகவும் இருக்கலாம். பரு வராத தோலென்றால் தேங்காய் எண்ணெயே போதும்; பரு வருகிறவர்களுக்கு அது துவாரத்தை அடைக்கும். பிறகு ஃபேஸ்வாஷ். கண்ணைச் சுற்றி அழுத்தித் தேய்த்தால் அதுவே கருமையைக் கூட்டும்.

ஒரு டியூப் எத்தனை நாள் வரும்? அக்கா தங்கை சேர்ந்து பயன்படுத்தலாமா?

டியூபின் பின்னால் மூடி திறந்த சின்ன டப்பா படம் இருக்கும், அதற்குள் 12எம் என்றோ 6எம் என்றோ போட்டிருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம். திறந்த தேதியை டியூபிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். வாடை மாறினாலோ தண்ணீர் தனியாகப் பிரிந்தாலோ மாதக் கணக்குப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

பங்கு போட வேண்டாம். கன்சீலரின் தூரிகை ஒருவர் கண்ணையும் பருவையும் தொட்டுவிட்டு அப்படியே டியூபுக்குள் திரும்பிப் போகிறது. வீட்டில் ஒருவருக்கு மெட்ராஸ் ஐ வந்தால் அடுத்த நாலு பேருக்கும் வர அது போதும். அக்காவிடமிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் டியூபிலிருந்து அரிசி அளவு ஒரு சுத்தமான தட்டில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நாங்களும் மேக்கப் பெட்டியிலிருந்து அப்படித்தான் எடுக்கிறோம். தூரிகையை நேராக உங்கள் முகத்தில் வைக்கும் பார்லரில் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.